அப்பாருவின் எட்டாவது விலா

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாருவுக்கு (தாத்தாவுக்கு) 72 வயது. சாயங்காலம் கட்டுத்தறியில் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது மாடு தலையை உலுப்பியதில் தடுமாறி, கல்தொட்டியின் விளிம்பில் இடது அள்ளை (விலாப்பக்கம்) படும்படி விழுந்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'இடது 8, 9ஆம் ரிப், போஸ்டீரோலேட்டரல், அன்டிஸ்ப்ளேஸ்டு ஃபிராக்சர், நோ நியூமோதோராக்ஸ், காஸ்டோஃப்ரெனிக் ஆங்கிள் கிளியர்' என்று இருக்கிறது. டாக்டர் மாத்திரை எழுதி, மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கட்டுப் போடவில்லை.

தம்பிக்கு நான்கு சந்தேகம். எட்டு, ஒன்பது என்பது எந்த எலும்பு? தேடிப் பார்த்தால் அதைப் 'போலி விலா' என்கிறார்களே, போலி என்றால் என்ன? எலும்பு முறிந்தும் ஏன் கட்டு இல்லை? அப்புறம் அவருடைய அப்பத்தா 'ஆம்பளைக்கு ஒரு விலா கொறைச்சல்' என்கிறாரே, அது நிஜமா?

கோயம்புத்தூரில் இருபது வருஷத்துக்கு மேல் நர்சிங், பிசியோதெரபி பிள்ளைகளுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் வைத்தியம் பார்க்கிறவன் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

அப்பத்தாவின் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பக்கத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் 24. ஆதாமின் விலாவை எடுத்து ஏவாளைப் படைத்த பைபிள் கதையிலிருந்து கிளம்பிய நம்பிக்கை இது. பல ஊர், பல வாய் தாண்டி அப்பத்தா வரைக்கும் வந்திருக்கிறது. 1543இல் வெசாலியஸ் தன் பெரிய உடற்கூறு நூலிலேயே இரு பாலருக்கும் எண்ணிக்கை ஒன்றுதான் என்று எழுதிவிட்டார். கூடக் குறைய இருப்பவர்களும் உண்டு, ஆனால் அதற்கும் ஆண் பெண் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பிலிருந்து கூடுதலாக ஒரு குட்டி விலா முளைத்திருக்கும். கழுத்து விலா என்று பெயர். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. சிலருக்கு மட்டும் கைக்குப் போகும் நரம்பையும் ரத்தக் குழாயையும் நெருக்கி, கை மரத்துப்போகும்.

இனி எலும்புக்கு வருவோம். விலாவுக்குத் தமிழில் 'பழு' என்று ஒரு பழைய சொல் உண்டு. ஏணியின் குறுக்குச் சட்டத்துக்கும் அதே பெயர்தான், ஏணிப்பழு. ஒல்லியான ஆளின் முதுகைப் பார்த்தவன்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். டாக்டர்கள் எழுதும் 'காஸ்டல்', 'இன்டர்காஸ்டல்', 'காஸ்டோ' எல்லாம் விலா என்று பொருள்படும் 'காஸ்டா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ரிப்போர்ட்டில் எங்கே 'காஸ்' என்று தொடங்கினாலும் விலா என்று படித்துக்கொள்ளுங்கள், பாதி புரிந்துவிடும்.

நெஞ்சுக்கூடு என்று நாம் சொல்வதால் அது ஏதோ இரும்புக் கூண்டு போல மனசில் பதிந்துவிடுகிறது. கோழிக் குஞ்சுகளைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கொடாப்பை நினைத்துக்கொண்டால் உருவம் கிட்டத்தட்ட வந்துவிடும். மேலே குறுகல், கீழே அகலம், வளைந்த பத்தைகள், நடுநடுவே சந்து. ஆனால் கொடாப்பு அசையாது, விலாக்கூடு அசைந்துகொண்டே இருக்கும். சித்தர் மரபில் நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்று ஒரு கணக்கு உண்டு. நிமிஷத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். அத்தனை முறையும் இந்த 24 எலும்பும் ஏறி இறங்குகின்றன. விலாவின் வடிவம், அது முறியும் இடம், கட்டுப் போடாத காரணம் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

ஒவ்வொரு விலாவும் பின்னால் முதுகெலும்பில் தொடங்குகிறது. மார்பு முள்ளெலும்புகளும் பன்னிரண்டு, விலாவும் பன்னிரண்டு ஜோடி. முன்னால் வரும்போதுதான் வித்தியாசம். எலும்பு அப்படியே நெஞ்செலும்பில் போய் முட்டுவதில்லை. கடைசிக் கொஞ்ச தூரம் குருத்தெலும்பாக மாறிவிடும். முதல் ஏழு ஜோடிக்கும் சொந்தக் குருத்து உண்டு, நேராக நெஞ்செலும்பில் சேரும். இவை உண்மை விலா. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் தனியாகப் போய்ச் சேராமல், தனக்கு மேலே உள்ளதன் குருத்தில் ஒட்டிக்கொள்ளும். இவைதான் போலி விலா. பதினொன்றும் பன்னிரண்டும் நெஞ்செலும்புப் பக்கமே வராது. வயிற்றுச் சதைக்குள் நுனியை நீட்டிக்கொண்டு நின்றுவிடும். இவை மிதக்கும் விலா. பழைய புத்தகங்களில் இவற்றையும் போலியில் சேர்த்து, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை போலி என்று எழுதியிருப்பார்கள். அதனால் ஒரு இடத்தில் மூன்று ஜோடி, இன்னொரு இடத்தில் ஐந்து ஜோடி என்று படித்துக் குழம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால் இரண்டு பெயருமே சரியில்லை. போலி விலா முழு எலும்புதான், முறிந்தால் உண்மை விலா மாதிரியே வலிக்கும், அப்பாருவைக் கேட்டால் சொல்வார். மிதக்கும் விலாவும் எங்கேயும் மிதக்கவில்லை, பின்னால் முதுகெலும்போடு மூட்டுப் போட்டுத்தான் இருக்கிறது. முன்பக்க இணைப்பை மட்டும் பார்த்து யாரோ லத்தீனில் வைத்த பெயரை நாமும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, எண்ணுவது எப்படி? இதை உங்கள் உடம்பிலேயே செய்து பாருங்கள். கழுத்துக்குக் கீழே, இரண்டு காறை எலும்புக்கும் நடுவில் ஒரு குழி இருக்கும். அதில் விரலை வைத்து நெஞ்செலும்பின் மேலேயே மெல்லக் கீழே இறக்குங்கள். சுமார் ஐந்து சென்டிமீட்டர் போனதும் குறுக்கே ஒரு சின்ன மேடு தட்டும். அவசரமாகத் தடவினால் தெரியாது, கொஞ்சம் அழுத்தித் தேட வேண்டும். நெஞ்செலும்பின் மேல் துண்டும் நடுத் துண்டும் சேரும் இடம் அது. அந்த மேட்டிலிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கிடைப்பது இரண்டாவது விலா. எண்ணிக்கை அங்கேதான் தொடங்கும். முதல் விலாவைத் தேடாதீர்கள். அது காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, முன்பக்கம் கைக்கு அகப்படுவது கஷ்டம். இரண்டாவதற்குக் கீழே விரல் இறங்கும் பள்ளம் இரண்டாவது இடைவெளி. மேலே உள்ள விலாவின் எண்தான் இடைவெளிக்கும். ஈசிஜி எடுக்கும்போது டெக்னீசியன் நெஞ்சில் விரல் வைத்து ஏதோ எண்ணுவார் பாருங்கள், நாலாவது இடைவெளியைத்தான் தேடுகிறார். முதல் இரண்டு மார்பு ஒயர்கள் அங்கே நெஞ்செலும்பின் இரு ஓரத்திலும் ஒட்ட வேண்டும். எண்ணாமல் குத்துமதிப்பாக ஒட்டினால் படம் தப்பாக வரும்.

முன்பக்கம் இப்படி ஏழு வரை போகலாம். அதற்குக் கீழே குருத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே விளிம்பாகிவிடுவதால் விரலுக்குக் குழப்பம். அப்பாருவுடையதைப் பின்னாலிருந்து பார்ப்பது சுலபம். அவரைக் கைகளைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்லுங்கள். தோள்பட்டை எலும்பின் கீழ் முனை ஏழாவது விலாவின் மட்டத்துக்கு வரும். அதற்குக் கீழே அடுத்தடுத்து வருபவை எட்டும் ஒன்பதும். முறிந்த இடத்தை அமுக்கிப் பார்க்க வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும்.

'போஸ்டீரோலேட்டரல்' என்றால் பின்பக்கமும் பக்கவாட்டும் சேரும் இடம். அங்கே ஏன் முறிந்தது என்பதற்கு ஒரு தனி விலாவைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பின் நுனியில் தலை, அடுத்து ஒரு குறுகிய கழுத்து, அதை ஒட்டி ஒரு புடைப்பு, பிறகு நீளமான தண்டு. தலை இரண்டு முள்ளெலும்புகளின் நடுவே உட்காரும், தன் எண்ணுள்ளதும் அதற்கு மேலே உள்ளதும். புடைப்பு தன் எண்ணுள்ள முள்ளெலும்பின் பக்கக் கொம்பில் சாயும். ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு இதற்கு விதிவிலக்கு, அவற்றின் தலை தன் முள்ளெலும்பில் மட்டும் உட்காரும். புடைப்பைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் எலும்பு சட்டென்று முன்னோக்கித் திரும்பும். அந்தத் திருப்பத்துக்குக் கோணம் என்று பெயர். அதற்குச் சற்று முன்னால்தான் விலா ரொம்பவும் பலவீனம். ஒரு மூங்கில் பத்தையை இரண்டு நுனியிலும் பிடித்து வளைத்தால் நுனியிலா முறியும்? வளைவு அதிகமான இடத்தில்தான். நெஞ்சு முன்னும் பின்னும் நசுங்கினால் கோணத்துப் பக்கம் வெளிநோக்கி முறியும். தொட்டி விளிம்பு மாதிரி ஒரே இடத்தில் நேரடி அடி என்றால் பட்ட இடத்திலேயே முறியும், முனை உள்ளே குத்தும் ஆபத்தும் உண்டு. அப்பாருவுக்கு 'அன்டிஸ்ப்ளேஸ்டு', அதாவது விரிசல்தான், முனைகள் விலகவில்லை. 'நோ நியூமோதோராக்ஸ்' என்றால் நுரையீரல் ஓட்டையாகி வெளியே காற்றுச் சேரவில்லை. 'காஸ்டோஃப்ரெனிக் ஆங்கிள் கிளியர்' என்றால் விலாவும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் சேரும் மூலையில் ரத்தமோ நீரோ தேங்கியது போலத் தெரியவில்லை. நல்ல ரிப்போர்ட். ஆனால் எக்ஸ்ரேயில் தெரியாமல் தப்பிக்கும் விலா முறிவுகள் நிறைய, குருத்தில் விழுந்த விரிசல் தெரியவே தெரியாது. அதனால் எக்ஸ்ரே சுத்தம் என்று சொல்லியும் ஒருவர் வலி என்று துடித்தால் 'நடிக்கிறாரு' என்று சொல்லிவிடாதீர்கள்.

என் மாணவர்களுக்கு நான் சொல்வது: இதையெல்லாம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போங்கள். ஆட்டுக்கு விலா பதிமூன்று ஜோடி, நம்மைவிட ஒன்று அதிகம். காங்கேயம் மாட்டுக்கும் அதே பதிமூன்றுதான். சூப்புக்கு வாங்கும் நெஞ்செலும்புத் துண்டின் உள்பக்கம் பளபளவென்று ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும், நகத்தால் கிள்ளினால் உரிந்து வரும். அதுதான் நுரையீரல் உறையின் வெளி அடுக்கு. துண்டின் முனையில் வெள்ளையாக, பல்லுக்கு நறுக்கென்று கடிபடுவது குருத்து. வெட்டிய எலும்புக்குள் சிவப்பாகத் தெரிவது ரத்தம் ஊறும் மஜ்ஜை. மனிதரில் கை கால் எலும்புகளின் பெரும்பகுதியில் வளர்ந்தபின் இது மஞ்சள் கொழுப்பாகிவிடும், விலாவில் கடைசி வரை சிவப்பாகவே இருக்கும். இரண்டு விலாவுக்கு நடுவிலுள்ள கறியைக் கூர்ந்து பார்த்தால் நார் ஒரு அடுக்கில் ஒரு பக்கமும் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமும் சாய்ந்து ஓடும். இவை விலாவிடைத் தசைகள். வெளி அடுக்கு மூச்சை இழுக்க விலாவைத் தூக்கும், உள் அடுக்கு பலமாக ஊதும்போதும் இருமும்போதும் இறக்கும்.

நம் விலாவின் கீழ் விளிம்பில், உள்பக்கமாக, ஒரு பள்ளம் ஓடுகிறது. அதற்குள் மேலிருந்து கீழாகச் சிரை, தமனி, நரம்பு மூன்றும் வரிசையாக ஒதுங்கியிருக்கும். நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை எடுக்க டாக்டர் ஊசி போடும்போது, எப்போதும் கீழே உள்ள விலாவின் மேல் விளிம்பை ஒட்டித்தான் நுழைப்பார். மேலே உள்ளதன் அடியை ஒட்டினால் இந்த மூன்றில் ஒன்றைக் குத்திவிடும். நான் மாணவனாக இருந்தபோது வாய்மொழித் தேர்வில் ஒரு விலாவைக் கையில் கொடுத்து 'இது வலதா, இடதா?' என்று கேட்டார்கள். தலை பின்னால் என்று தெரியும், குழிந்த பக்கம் உள்ளே என்று தெரியும். ஆனால் பள்ளம் மேலேயா கீழேயா என்பதில் தடுமாறி, இடது விலாவை வலது என்று சொல்லிவிட்டேன். பரீட்சை அதிகாரி ஒன்றும் சொல்லாமல் தன் ஊசி போடும் கையை மட்டும் அசைத்துக் காட்டினார். அன்றிலிருந்து மறக்கவில்லை.

இப்போது கட்டு விஷயம். விலா இரண்டு விதமாக அசைகிறது. மேல் விலாக்கள் அடிபம்பின் கைப்பிடி போல. பின்முனை அச்சாக நிற்க, முன்முனை நெஞ்செலும்போடு சேர்ந்து ஏறும், நெஞ்சு முன்னால் தள்ளும். கீழ் விலாக்கள் வாளியின் பிடி போல. இரண்டு முனையும் நிற்க, நடு வளைவு வெளிப்பக்கமாக உயரும், நெஞ்சு அகலும். அப்பாருவின் எட்டும் ஒன்பதும் இந்த வாளிப்பிடி வகை. துணியால் இறுக்கிச் சுற்றினால் அசைவு குறையும், வலியும் கொஞ்சம் குறையும். அது நிஜம். அந்தக் காலத்தில் அகலப் பிளாஸ்திரியை ஆஸ்பத்திரியிலேயே ஒட்டினார்கள். ஆனால் அதே கட்டு நுரையீரலின் அடிப்பகுதியையும் விரியவிடாது. விரியாத இடத்தில் சளி தங்கும், தங்கினால் நிமோனியா. வயதானவர்களுக்கு விலா முறிவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் எலும்பால் வருவதில்லை, இந்த நிமோனியாவால்தான் வருகிறது. நாட்டு வைத்தியரிடம் போய் ஒரு கட்டுப் போட்டுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கை காலுக்கு என்ன வேண்டுமானாலும் வாதாடலாம், விலாவுக்கு மட்டும் இறுக்கிக் கட்ட விடாதீர்கள். எலும்பு தானாக ஒட்டிக்கொள்ளும். மேலும் கீழும் உள்ள விலாக்களும் தசைகளும் அதற்கு இயல்பான சிம்பு, அதாவது முறிந்ததைத் தாங்கிப் பிடிக்கும் பத்தை. சுமார் ஆறு வாரம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் சில வாரம். ஒட்டிய இடத்தில் கொஞ்ச நாள் ஒரு மொட்டு தட்டுப்படும், பயப்பட வேண்டாம்.

விலா ஒட்டுவது மட்டுமில்லை, முளைக்கவும் செய்யும். பெருந்துறையில் பஸ் ஏறி 'சானடோரியம்' என்று டிக்கெட் கேட்ட தலைமுறைக்குக் காசநோய்க் காலம் நினைவிருக்கும். மருந்து வராத அந்தக் காலத்தில் உலகெங்கும் செய்த ஒரு வைத்தியம், சில விலாக்களையே வெட்டி எடுத்து நோயுள்ள நுரையீரலை அமுங்கவிடுவது. எலும்பைச் சுற்றியுள்ள மெல்லிய உறையை விட்டுவிட்டு எடுத்தால், அந்த உறையிலிருந்தே புதிதாக எலும்பு வளர்ந்துவிடும். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்து, பிறகு மற்ற மருந்துகளும் வந்ததும் அந்த அறுவை வழக்கொழிந்தது.

அந்த மூன்று பந்துக் கருவி பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பாதிப்பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது. குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளே உறிஞ்ச வேண்டும், பந்து மேலே ஏறும், ஏறிய பந்தை இரண்டு மூன்று நொடி நிற்க வைக்க வேண்டும். மூன்று பந்தும் ஏற வேண்டும் என்று பந்தயம் கட்ட வேண்டாம். வலி மாத்திரை சாப்பிட்டு அரை மணி முக்கால் மணி கழித்துச் செய்தால் சுலபமாக வரும். வலி மாத்திரையைத் தைரியத்துக்காகத் தவிர்க்கிற அப்பாருகளை எனக்குத் தெரியும். 'இதுக்கெல்லாம் மாத்திரையா' என்பார்கள். சொல்லுங்கள்: மாத்திரை வலிக்காக இல்லை, மூச்சை ஆழமாக இழுப்பதற்காக. இருமல் வந்தால் அடக்காமல், ஒரு தலையணையை அள்ளையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு இருமட்டும். படுக்கும்போது முதுகுக்கு இரண்டு தலையணை. கட்டிலிலேயே கிடக்க விடாதீர்கள், வாசல் வரை நடக்கட்டும். மாட்டுப் பக்கம் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் விடாமல் கவனியுங்கள். இடப்பக்கம் ஒன்பது, பத்து, பதினொன்றாவது விலாக்களுக்கு அடியில்தான் மண்ணீரல் இருக்கிறது. வலப்பக்கம் என்றால் கல்லீரல். கடைசி இரண்டு விலாவுக்குப் பின்னால் சிறுநீரகம். அடிபட்ட அன்று ஒன்றும் தெரியாமல் சில நாள் கழித்துக்கூட மண்ணீரலில் ரத்தம் கசியலாம். அதனால் இடது தோள்முனையில் காரணமில்லாத வலி, வயிறு வீங்குவது, தலைசுற்றி வியர்ப்பது, மூச்சிரைப்பு கூடுவது, காய்ச்சலோடு சளி, இருமலிலோ சிறுநீரிலோ ரத்தம் என்று ஏதாவது வந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், ராத்திரியே கிளம்புங்கள். அடுத்தடுத்த மூன்றோ அதற்கு மேலோ விலாக்கள் தலா இரண்டு இடத்தில் முறிந்தால் அந்தப் பகுதி தனித் துண்டாகி, மூச்சு இழுக்கும்போது உள்ளே அமுங்கும். அது ஐசியு சமாச்சாரம், அப்பாருவுக்கு அப்படி இல்லை.

அப்பத்தாவுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் அந்த எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் பின் விலாக்களை மேலிருந்து எண்ணச் சொல்லுங்கள். நெஞ்சுப் படத்தில் பத்து வரை நன்றாகத் தெரியும். கடைசி இரண்டு கல்லீரல், வயிற்றின் வெள்ளை நிழலுக்குள் மங்கிக் கிடக்கும், கொஞ்சம் தேட வேண்டும்.